கொலைக்கு மறுநாள் நாயம்

கோபிசெட்டிபாளையம் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு பேக்கரி. கொங்கு நாட்டில் டீக்கடை என்றால் பெரும்பாலும் பேக்கரிதான்: உள்ளே கண்ணாடிப் பெட்டியில் தேங்காய் பன்னும் பப்ஸும், வாசலில் நின்றபடியே டீ குடிக்கும் கூட்டமும். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மூன்று பேர் 'விலங்கு' என்ற குற்றத் தொடரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உரக்கடையில் வேலை செய்யும் இளைஞர், ஒருவர் செல்போன் கடைக்காரர், மூன்றாமவர் பணி ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர்.

"கிச்சாவ அத்தன அடி அடிச்சாங்களே, எனக்கு வெசனமாப் போச்சுங்ணா. கடைசில பாத்தா அவனேதான்" என்றார் இளைஞர்.

"உனக்கு வெசனம் வரோணும்னுதானப்பா அப்படி எடுத்திருக்கறான்" என்றார் செல்போன் கடைக்காரர்.

பெரியவர் டம்ளரைத் திண்ணையில் வைத்தார். "அவன் பண்ணுனது தப்புத்தான். நான் இல்லீன்னு சொல்லல. ஆனா அவந்தான்னு தெரியறதுக்கு முன்னாலயே அந்த அடி அடிச்சாங்கல்ல, அது எந்த ஊரு நாயம்?"

அடுத்த பத்து நிமிடம் அந்தக் கேள்வியைச் சுற்றியே போனது. ஸ்டேஷனில் அடிக்காமல் உண்மை வருமா, அடித்தால் வருவது உண்மைதானா, அந்த எஸ்.ஐ. நல்லவரா, நல்லவர் என்றால் ஏன் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரண்டாவது டீ சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த எபிசோடில் எந்தத் தடயம் ஒளிந்திருந்தது, முடிவை யார் முன்கூட்டிக் கண்டுபிடித்தார் என்ற பேச்சு ஒருமுறைகூட எழவில்லை.

பெரியவர் சொன்ன அந்தச் சொல்லை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். 'நியாயம்' தேய்ந்து 'நாயம்' ஆனது என்பது யாருக்கும் புரியும். ஆனால் கொங்கு வழக்கில் நாயம் என்றால் நீதி மட்டுமல்ல, வெறும் பேச்சும் நாயம்தான். "எங்க போயிட்டு வர்றே?" என்று கேட்டால் "சும்மா நாயம் பேசிட்டு இருந்தமுங்க" என்று பதில் வரும். அரட்டைக்கும் தீர்ப்புக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் ஊர் இது. இங்கே குற்றத் தொடர்களை ரசிக்கிறவர்கள் தமக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கியபோது, இந்தச் சொல்லைத் தாண்டி வேறு கருவி எனக்குத் தேவைப்படவில்லை.

மேற்கில் இந்த விஷயத்தை எழுதியவர்கள் வேறு கருவியைக் கையில் எடுத்தார்கள். 1980 மார்ச்சில் அமெரிக்கத் தொடரான 'டல்லஸ்', அதன் வில்லன் ஜே.ஆர். யூயிங் யாராலோ சுடப்படுவதோடு ஒரு பருவத்தை முடித்தது. சுட்டது யார் என்று நவம்பர் 21 அன்று தெரிந்தபோது, அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 8 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். அந்த எட்டு மாத இடைவெளியில் நடந்ததெல்லாம் ஊகம், பந்தயம், துப்பு. பிற்காலத்தில் ஜேசன் மிட்டெல் என்ற ஊடக ஆய்வாளர், சிக்கலான தொடர்களை ரசிகர்கள் தடயவியல் நிபுணர் போல அகழ்ந்து பார்ப்பதற்குத் 'தடயவியல் ரசிகம்' என்று சொல்லத்தக்க பெயரொன்றை வைத்தார். ரசிகரும் ஒரு துப்பறிவாளர் என்பது அந்தப் பார்வையின் சாரம். தவறான பார்வை அல்ல. ஆனால் கோபி பேக்கரி வாசலில் துப்பறிவாளர் யாரும் இல்லை. அங்கே நின்றது ஒரு சிறிய பஞ்சாயத்து.

இதற்குத் தொலைக்காட்சி மட்டும் காரணமல்ல. கொங்கு வட்டார நாவலின் தொடக்கம் என்று மதிக்கப்படும் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. விதவையான நாகம்மாள் தன் மகளுக்காக நிலத்தில் பங்கு கேட்கிறாள். கொழுந்தன் சின்னப்பனுக்கு மனமில்லை. ஊரில் கெட்டியப்பன் போன்றவர்கள் தூபம் போடுகிறார்கள். கதை கொலையில் முடிகிறது. அடித்தது யார் என்பதில் மர்மம் எதுவும் இல்லை; வாசகனின் கண்ணெதிரே நடக்கிறது. புத்தகத்தை மூடிய பிறகு மிஞ்சுவது, இதில் பழி யார் தலையில் என்ற கேள்வி மட்டுமே. பங்கு கேட்டது தவறா, கொடுக்காதது தவறா, ஊர்ப் பேச்சு தவறா? வரப்புத் தகராறும் கிணற்றுப் பங்கும் தெரிந்த ஊரில் இதைவிடப் பெரிய சஸ்பென்ஸ் கிடையாது.

கொங்கு மண் மறுபக்கத்தையும் தந்திருக்கிறது. 1,500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமார் கோவைக்காரர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய 'க்ரைம் நாவல்' இதழை வாங்காமல் கோவைக்குப் பஸ் ஏறாதவர்கள் உண்டு. அவருடைய விவேக்–ரூபலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, இவர்களுக்கெல்லாம் மூத்தவர்களாக சுஜாதாவின் கணேஷ்–வசந்த். இந்தக் கதைகளில் கொலையாளி யார் என்பது கடைசிப் பக்கம் வரை பூட்டியே இருக்கும். ஆனால் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பேச்சு எதைப் பற்றி இருந்தது என்று அந்தக் காலத்து வாசகர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த முறை சுசீலாவின் பனியனில் என்ன வாசகம், வசந்த் யாரிடம் வழிந்தான், விவேக்குக்கு ரூபலா மாதிரி மனைவி அமைந்தது எப்படி. பத்துப் பேர் செத்த கதையில் பேசியது குடும்ப விவகாரம். கொலை மாதாமாதம் மாறும், ஆட்கள் மாறமாட்டார்கள். பழகியவர்களைப் பற்றித்தானே நாயம் பேச முடியும்.

தொலைக்காட்சிக்கு வந்தால், தொடக்கத்தில் மொழியே மர்மமாக இருந்தது. 1985இல் தூர்தர்ஷனில் வந்த 'கரம்சந்த்', 1993இல் பாசு சட்டர்ஜி இயக்கிய 'ப்யோம்கேஷ் பக்ஷி' இரண்டும் இந்தி. ஊரில் டிவி இருந்த ஒன்றிரண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் கேரட் கடிக்கும் பங்கஜ் கபூர் நினைவிருக்கிறார், வழக்கு எதுவும் நினைவில்லை. 1998 முதல் 20 ஆண்டுகள் ஓடிய 'சி.ஐ.டி.'யும் அப்படித்தான். தயா தோளால் கதவை உடைப்பது புரிய மொழி எதற்கு?

தமிழில் பேச்சு பற்றிக்கொண்டது 'மர்மதேசம்' வந்தபோது. சன் டிவி 1993இல் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை நாகா இயக்கினார். வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். அரை மணி நேரத்துக்கும் குறைவான கதை, அதற்குப் பிறகு ஏழு நாள் காத்திருப்பு. அந்த ஏழு நாளைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தொடரின் பெரும்பகுதி திரையில் ஓடவில்லை. பள்ளிக்கூட மரத்தடியிலும், தறிக்குடோனிலும், ரேஷன் கடை வரிசையிலும் ஓடியது.

அவற்றில் 'விடாது கருப்பு' தனி ரகம். இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' நாவலிலிருந்து வந்தது. கிராமத்தில் தப்புச் செய்கிறவர்களைக் காவல் தெய்வம் கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறதா, இல்லை மனிதக் கை ஏதாவது வேலை செய்கிறதா என்பது கேள்வி. கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்கு இருந்த கனம் சென்னைவாசிக்குப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம். இங்கே ஊருக்கு ஒரு கருப்பராயன் இருக்கிறார். வேப்பமரத்தடியில் கல்லாகவோ, அரிவாள் ஓங்கிய சுதைச் சிற்பமாகவோ நிற்பார். கொடுத்த கடனைத் திருப்பாதவனைக் கோயில் முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்குவது வழக்கம். காசு வெட்டிப் போடுவதும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் கருப்புமீது கொலைப்பழி விழுந்தால் அது பொழுதுபோக்காக மட்டும் இருக்க முடியுமா? குளம்படிச் சத்தம் டிவியில் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்ட பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அதே பாட்டி அடுத்த நிமிடம், "அந்தப் பாவிக்கு இது வேணும்" என்பார். சாமி செய்தால் அது கொலை ஆகாது, தண்டனை. மனிதன் செய்தால் கொலை. யார் செய்தது என்பதைப் பொறுத்துச் செயலின் பெயரே மாறிவிடும்.

முடிவில் தொடர் சொன்ன பதில் மனநோய். ஒரே ஆளுக்குள் பிளவுண்டு கிடந்த இன்னொருவர்தான் கருப்பு. (இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும். கால் நூற்றாண்டு அவகாசம் கொடுத்தாயிற்று.) தமிழ்த் தொலைக்காட்சியில் அதற்கு முன் அவ்வளவு துணிந்து உளவியலைக் கையில் எடுத்தவர்கள் குறைவு. ஆனால் இங்கே பலர் அந்தப் பதிலை முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. "டாக்டரு அப்படித்தான் சொல்லுவாரு. அந்தப் பையன் மேல ஏறி நின்னது யாரு?" என்ற வாதத்தை நான் இன்றும் கேட்கிறேன். இதை அறியாமை என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொடர் 'எப்படி' என்பதற்குப் பதில் சொன்னது. பார்த்தவர்கள் 'எதற்காக' என்று கேட்டார்கள். இரண்டும் ஒரே கேள்வி அல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். 2024இல் வந்த 'இன்ஸ்பெக்டர் ரிஷி' காட்டு ஊரில் ஆவியா மனிதனா என்று அதே கேள்வியை வேறு வேடத்தில் கேட்டபோது, ஐம்பதைத் தாண்டியவர்கள் சொன்ன முதல் வார்த்தை "இது நம்ம கருப்பு கதையாச்சே".

இன்னொன்று. 'விடாது கருப்பு' தொடரில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னாளில் நிஜ வாழ்விலும் தம்பதி ஆனார்கள். இது கொலைக்கும் துப்புக்கும் சம்பந்தமில்லாத செய்தி. ஆனால் அந்தத் தொடரைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் மூன்றாவது வாக்கியமாக இது வந்துவிடும்.

அதன் பிறகு மெகா தொடர்கள் வந்தன. அவற்றைக் குடும்பத் தொடர் என்கிறோம். கணக்குப் பார்த்தால் தமிழில் மிக அதிகமாகக் குற்றம் நடக்கும் இடம் அதுதான். பாலில் விஷம், கள்ளக் கையெழுத்து, ஆள்கடத்தல், பிரேக் அறுந்த கார். 2003 முதல் 2009 வரை 1,533 எபிசோடுகள் ஓடிய திருச்செல்வத்தின் 'கோலங்கள்' தொடரில் ஆதி செய்த குற்றங்களைச் சட்டப் பிரிவுகளாக எழுதினால் ஒரு நோட்டு போதாது. அவரே இயக்கிய 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரனை ஊரே திட்டியது, ஊரே ரசித்தது. அந்த வேடத்தில் நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று இறந்தபோது, வீட்டுப் பெண்களை அதட்டிய அந்தக் குரலைத் தினமும் சபித்த பெண்களே கண்ணீர்விட்டார்கள். என் வீட்டுப் பக்கத்து அக்கா ஒருவர், "பாவம் நல்ல மனுசன், அவியளப் போயி என்ன பேச்சுப் பேசிப்போட்டேன்" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். திரையிலிருந்த ஆளுக்குச் சொன்ன தீர்ப்பை நடிகரிடம் திரும்பப் பெற்றுக்கொண்டார். இந்தத் தொடர்களில் போலீஸ் எப்போதும் கடைசி வாரத்தில்தான் வரும். அதுவரை வழக்கு நடப்பது வீட்டுக் கூடங்களில், விளம்பர இடைவேளையில்.

ஓடிடி வந்ததும் அந்த ஏழு நாள் இடைவெளி போயிற்று. 2022ஆம் ஆண்டை இந்த வகையில் ஒரு திருப்பம் என்று சொல்லலாம்: பிப்ரவரியில் பிரசாந்த் பாண்டியராஜின் 'விலங்கு', ஜூனில் புஷ்கர்–காயத்ரி எழுதிய 'சுழல்', டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸின் 'வதந்தி'. மூன்றும் முழுத் தொடராக ஒரே நாளில் கைக்கு வந்தன. ஒருவர் வெள்ளிக்கிழமை இரவே முடித்துவிடுகிறார், இன்னொருவர் ஒரு மாதம் கழித்துத் தொடங்குகிறார். பேக்கரியில் முதல் கேள்வியே "எத்தனாவது எபிசோடுல இருக்கறீங்?" என்றாகிவிட்டது. பாதியில் இருப்பவரை வைத்துக்கொண்டு முடிவைப் பேசக்கூடாது என்ற மரியாதையும் பிறந்திருக்கிறது. கடைப்பிடிப்பவர் சிலரே. இதனால் ஊகப் பேச்சு மெலிந்துபோனது என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் நாயம் மெலியவில்லை. எல்லாரும் முடிவு தெரிந்த பிறகே பேசுவதால், பேச்சு நேராகத் தீர்ப்புக்குப் போய்விடுகிறது.

'சுழல்' ஒரு மலையோரச் சிற்றூரில், மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களில் நடக்கிறது. ஆலை எரிகிறது, ஒரு சிறுமி காணாமல் போகிறாள். சந்தேகம் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்திலிருந்து ஒவ்வொருவராக நகர்ந்து, கடைசியில் அந்தக் குழந்தையின் சொந்த வீட்டுக்குள்ளேயே போய் நிற்கிறது. இதைப் பார்த்த ஆண்கள் இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக வந்த ஸ்ரேயா ரெட்டியின் மிடுக்கைப் பேசினார்கள். பெண்கள் வேறொன்றைப் பேசினார்கள். தையல் வகுப்பு நடத்தும் என் சொந்தக்காரப் பெண் ஒருவர் சொன்னது: "எங்க மிஷினுக்கு முன்னால உக்காந்து ஒவ்வொருத்தியும் சொன்னாளுக மாமா. யாரு வீட்ல எந்த ஒறம்பரை வந்தா புள்ளய உள்ள போகச் சொல்லோணும்னு." உறவினருக்குக் கொங்கில் ஒறம்பரை என்று பெயர். வந்தால் வாசலுக்கே போய்க் கூட்டிவருவோம். தொடர் அந்த வாசலிலேயே கைவைத்துவிட்டது. அந்தப் பேச்சில் தொடரில் நடித்த கதிரும் இல்லை, ஐஸ்வர்யா ராஜேஷும் இல்லை. அதை 'ரசிகர் உரையாடல்' என்று வகைப்படுத்த எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

'வதந்தி' இன்னும் நேராக நாயத்தையே பொருளாக எடுத்துக்கொண்டது. குமரி மாவட்டப் பின்னணி. தொடக்கத்திலேயே படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் கிடைத்த பிணத்தை ஒரு நடிகை என்று செய்திகள் முடிவுகட்டிவிட, அந்த நடிகை உயிரோடு வருகிறார். செத்தது வெலோனி என்ற இளம்பெண். அதன் பிறகு ஆளாளுக்கு ஒரு வெலோனியைச் சொல்கிறார்கள். எஸ்.ஜே. சூர்யாவின் எஸ்.ஐ. விவேக் தேடுவது கொலையாளியை மட்டுமல்ல, அத்தனை பேச்சுக்கும் அடியில் புதைந்துபோன ஒரு பெண்ணையும். தொடரைப் பார்த்துவிட்டு வந்து அதே பேக்கரியில், "என்ன இருந்தாலும் அந்தப் புள்ள அப்படிச் சுத்தியிருக்கக் கூடாது" என்று ஒருவர் சொல்லிக் கேட்டேன். எந்தப் பேச்சு அவளை இரண்டாம் முறை கொன்றது என்று எட்டு எபிசோடில் காட்டினார்களோ, அதே பேச்சு. நாயம் என்ற சொல்லை நான் இதுவரை கொஞ்சம் செல்லமாகவே பேசிவந்திருக்கிறேன். அதற்குள் இதுவும் இருக்கிறது.

கோபிக்கு வேறொரு பழக்கமும் உண்டு. இயக்குநர் கே. பாக்யராஜ் பக்கத்து வெள்ளாங்கோயிலைச் சேர்ந்தவர். மனைவியைக் கொல்லத் திட்டமிடும் கணவனாக 1981இல் 'விடியும் வரை காத்திரு' படத்தில் அவரே நடித்தார். எண்பது, தொண்ணூறுகளில் கோபியைச் சுற்றி நடந்த படப்பிடிப்புகளுக்குக் கணக்கில்லை. சின்னக் கோடம்பாக்கம் என்றே பெயர் விழுந்தது. தடப்பள்ளி வாய்க்கால் மேடும் கொடிவேரி அணையும் பார்க்காத கதாநாயகி குறைவு. அதனால் இங்குள்ளவர்கள் திரையில் முதலில் தேடுவது இடத்தை. ஆள் சாகும் காட்சியில்கூட "அது பச்சமலைப் படியாட்ட இருக்குது" என்று ஒரு குரல் எழும். கேமராவுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்து வளர்ந்தவர்களை ரத்தம் அவ்வளவு சுலபமாகப் பயமுறுத்தாது.

அந்தப் பழக்கம் செல்லுபடியாகாமல் போனது 2023இல். ஆகஸ்ட் 4 அன்று நெட்ஃபிளிக்ஸில் செல்வமணி செல்வராஜ் இயக்கிய 'தி ஹண்ட் ஃபார் வீரப்பன்', டிசம்பர் 14 அன்று ஜீ5இல் 'கூச முனிசாமி வீரப்பன்'. முன்னது சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி, அதிரடிப்படை அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் என்று பல வாய்களின் கதை. பின்னதில் வீரப்பனே பேசுகிறார். தொண்ணூறுகளில் நக்கீரன் இதழ் காட்டுக்குள் போய் எடுத்துவந்த காணொளிகள் அதற்கு அடிப்படை. அவர் காடு எங்களுக்குத் தூரமில்லை: கோபியிலிருந்து சத்தியமங்கலம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் பண்ணாரி, பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறினால் திம்பம், அப்புறம் ஆசனூர், தாளவாடி. இவை ஆவணத் தொடர்கள், நாடகம் அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் பார்த்தவர்கள் 'விலங்கு' தொடரைப் பார்த்த அதே செல்போனில், அதே இரவு நேரத்தில், அடுத்த எபிசோடு என்ன என்ற அதே ஆவலில்தான் பார்த்தார்கள். கதாபாத்திரம் என்றே வீரப்பனைக் குறிப்பிட்டவர்கள் இருந்தார்கள். அவர் சிரிக்கிற விதம், ஆட்களைப் போலப் பேசிக் காட்டுவது, கோபத்தில் குரல் ஏறுவது எல்லாவற்றையும் பேக்கரியில் நடித்துக் காட்டிய இளைஞர்களுக்கு, 2004 அக்டோபர் 18 அன்று தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது ஐந்தோ ஆறோ.

அந்த நடவடிக்கைக்குப் போலீஸ் வைத்த பெயர் 'கக்கூன்', அதாவது பட்டுக்கூடு. மல்பெரித் தோட்டமும் பட்டுக்கூடு விற்பனையும் பிழைப்பாக இருக்கும் கோபி வட்டாரத்தில் இந்தப் பெயர் ஒரு சிரிப்பைக் கிளப்பத் தவறுவதில்லை. கூட்டைக் கொதிநீரில் போட்டால்தான் நூல் வரும், உள்ளே இருப்பது செத்துப்போகும். பெயர் வைத்தவருக்கு அது தெரியுமோ என்னவோ, இங்கே எல்லாருக்கும் தெரியும்.

இளையவர்கள் தொடரை ரசித்தார்கள். மூத்தவர்கள் அதைத் திருத்தினார்கள். ராஜ்குமார் கடத்தல் எபிசோடு அதற்கு நல்ல உதாரணம். 2000 ஜூலை 30 இரவு, தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரிலிருந்த தம் வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் ஆட்கள் கடத்திக்கொண்டு போனார்கள். 108 நாள் கழித்து, நவம்பர் 15 அன்று விடுதலை. வெளியுலகுக்கு அது இரண்டு மாநிலங்களின் நெருக்கடி. தாளவாடி மலைக்காரர்களுக்கு அது பஸ் ஓடாத நாட்கள், இறக்க முடியாமல் அழுகிய முட்டைக்கோஸ். தொடரில் அந்த முட்டைக்கோஸ் இல்லை. "எல்லாஞ் செரிதானுங். ஆனா நம்ம கதை எங்கீங்க?" என்று கேட்டார் மலையிலிருந்து காய் ஏற்றிவரும் ஒருவர்.

இன்னும் கனமான திருத்தங்களும் உண்டு. அதிரடிப்படையின் மாதேஸ்வரன் மலை முகாமை 'ஒர்க்‌ஷாப்' என்று சொல்வார்கள். அங்கே கொண்டுபோகப்பட்ட மலைமக்களின் கதையை, பவானியைச் சேர்ந்த வழக்கறிஞர் ச. பாலமுருகன் 2004இல் 'சோளகர் தொட்டி' நாவலாக எழுதினார். தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் அமைத்த சதாசிவா குழுவின் விசாரணைக்குப் பிறகு, 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. தொடர்கள் இந்தக் கொடுமைகளை விட்டுவிடவில்லை, பாதிக்கப்பட்டவர்களைப் பேசவைத்திருக்கின்றன. ஆனாலும் பார்த்து முடித்தவர்கள் பேசும்போது அந்த முகங்கள் மெல்லப் பின்னால் போய்விடுகின்றன. முன்னால் நிற்பது மீசை. நல்லவனா, கெட்டவனா? காட்டைக் காத்தவனா, யானையைக் கொன்றவனா? தந்தத்துக்காக விழுந்த யானைகளும், 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு கண்ணிவெடியில் செத்த 22 பேரும், முகாமில் நகம் பிடுங்கப்பட்டவர்களும் ஒரே தராசில் ஏறி இறங்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் முள் வேறு பக்கம் சாய்கிறது. தராசைப் பிடித்திருப்பவரின் சாதி, வயது, அவர் அப்போது மலையில் இருந்தாரா சமவெளியில் இருந்தாரா என்பதைப் பொறுத்தது அது. பஞ்சாயத்துக்கு நடுவர் கிடையாது என்பது கொங்குக்காரர்கள் அறியாதது அல்ல.

வீரப்பன் தொடர் வந்து ஓரிரு மாதம் கழித்து, அதே பேக்கரி. உரக்கடை இளைஞர், பெரியவரை வம்புக்கு இழுத்தார். அவர் சத்தி–மைசூர் வழித்தடத்தில் அந்த நாட்களில் வேலை பார்த்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"ஏனுங் பெரியப்பா, நீங்க சொல்லுங்க. அந்தாளு நல்லவனா, கெட்டவனா?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. பன்னில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டார்.

"எனக்கென்ன தெரியும் சாமி. பண்ணாரில வண்டி நிக்கறப்ப ஏறுன ஆள எண்ணுவேன். திம்பத்துல போலீஸ்காரன் ஏறி எண்ணுவான். ஆசனூர்ல எறங்கறப்ப நான் மறுக்கா எண்ணுவேன். ஒருக்கா ஒரு ஆளு கொறஞ்சுது."

"அப்பறம்?"

"போலீஸ்காரன் எறக்கிக் கூட்டிட்டுப் போயிட்டான். எளவயசுப் பையன். தாளவாடிக்கு டிக்கெட் எடுத்திருந்தான்."

சத்தி வண்டி உள்ளே திரும்பியது. பெரியவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி, ஏறி, ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.